மண்ணடிப் படிக்கட்டுக் கடையும் ஓர் அடிஸ்கேலும்

சென்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஜூலை மாதம் ஒரு நாள் மதிய இடைவேளையில், கபடி ஆட்டத்தில் வந்த சண்டையில், ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து "போடா ஜிஹாதி" என்று கத்தியிருக்கிறான். திட்டு வாங்கியவன் திருப்பி அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேராக என்னிடம் வந்து, "மிஸ், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்தித்தாளில் படித்த 'புனிதப் போர்' மட்டும்தான் என் கையில் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவை மண்ணடியில் இருக்கும் இந்தப் புத்தகக் கடைக்குப் போனேன். இதுவரை ஐந்து முறை போய்விட்டேன், அதனால் நம்பி எழுதுகிறேன்.

மண்ணடி மெட்ரோவில் இறங்கி அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் நடந்தால், ஓர் அத்தர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பலகையில் கடைக்கென்று பெயர் கிடையாது. 'இஸ்லாமிய நூல்கள், தொப்பி, தஸ்பீஹ் கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் "படிக்கட்டுக் கடையா?" என்பார்கள். ஏறும் படியிலேயே புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பதால் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் போதும், கடைக்காரர் பாயே இறங்கி வருவார். அவருக்கே எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"ஜிஹாத் பத்தி ஒரு நல்ல புத்தகம் வேணும் பாய்" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம். "எதுக்கும்மா?" என்று கேட்டார். பள்ளியில் நடந்ததைச் சொன்னதும் ஸ்டூலில் இருந்த கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். தமிழ் மொழிபெயர்ப்போடு இருந்த ஒரு குர்ஆனை மேசையில் விரித்தார். பழைய மர அடிஸ்கேல் ஒன்றை எடுத்து வரிக்குக் கீழே வைத்தார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே வாய்விட்டுப் படிங்க."

முதலில் 31-ஆம் அத்தியாயம், 15-ஆம் வசனம். பெற்றோர் தம் பிள்ளையை இறைவனுக்கு இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் அதில் மட்டும் அவர்களுக்குக் கீழ்ப்படியாதே, ஆனால் இந்த உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடியாக இரு என்று வருகிறது. அங்கே 'வற்புறுத்தினால்' என்ற இடத்தில் அரபியில் இருக்கும் வினை, ஜிஹாத் என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது என்றார் பாய். இஸ்லாத்தை ஏற்காத தாய் தகப்பன் தங்கள் பிள்ளையிடம் படும் பாட்டுக்கும் அதே சொல். "பாடுபடுறதுன்னு நம்ம தமிழ்ல சொல்றோமே, அதுதான் கிட்டத்தட்ட" என்றார். ஆயுதம் எடுத்துப் போரிடுவதற்குக் குர்ஆன் தனியாக 'கிதால்' என்ற சொல்லை வைத்திருக்கிறது.

எனக்கு அந்த இடத்தில் மூலக்கொத்தளம் ஞாபகம் வந்தது. 1939-இல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். 'மொழிப்போர்த் தியாகிகள்' என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். அவர்கள் கையில் வாள் இருந்ததா என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.

"அப்ப சண்டையே கிடையாதா பாய்?" என்றேன்.

"இருக்கு. இல்லைன்னு சொன்னா அது பொய்" என்றார். இந்தக் கடையின் மீது எனக்கு மரியாதை வந்தது அந்தப் பதிலால்தான். மக்காவில் 13 ஆண்டுகள் அடியும் விரட்டலும் பட்டபோது திருப்பித் தாக்க அனுமதி இல்லை. 622-இல் மதீனாவுக்குப் போன பிறகுதான், அநீதி இழைக்கப்பட்டவர்கள் என்ற காரணத்தால் போரிட அனுமதி என்று 22:39 வருகிறது. உங்களோடு போரிடுபவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்கிறது 2:190. பின்னால் வந்த அரசர்கள் நாடு பிடிக்கப் போனதற்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அப்புறம் அடிஸ்கேல் 9:5-க்கு வந்தது. கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்று வரும் வசனம். இணையத்தில் அதை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். படித்து முடித்ததும் ஸ்கேலை ஒரு வசனம் மேலே நகர்த்தினார்: உடன்படிக்கையை மீறாதவர்களோடு, அதன் தவணை முடியும்வரை உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள். பிறகு கீழே, 9:6: அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் சொல்லைக் கேட்க விடுங்கள், பிறகு பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி 9:13-இல், சத்தியத்தை முறித்தவர்கள், முதலில் தாக்கியவர்கள் என்று யாரைப் பற்றிய பேச்சு என்பதும் வந்துவிடுகிறது. ஏசுகிறவர்களும் சரி, குண்டு வைக்கிறவர்களும் சரி, நடு வரியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

2019 ஈஸ்டர் அன்று இலங்கையில் 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்களே, அதைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, இங்கே அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்தபோது தலை நிமிர முடியவில்லையாம். பேசிக்கொண்டே 22:40-ஐத் திறந்தார். மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை இறைவன் தடுக்காவிட்டால் மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டிருக்கும் என்று வருகிறது. "போருக்கு அனுமதி கொடுத்த வசனத்துக்கு அடுத்த வசனம் டீச்சர் இது. சர்ச்சுல போய் வெடிச்சவன் இதைப் படிக்கவே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது, ஸ்கேலும் சேர்ந்து ஆடியது.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் முடியாது. பல புத்தகங்களின் தமிழில் அரபுச் சொற்கள் விளக்கமில்லாமல் அப்படியே கிடக்கின்றன, முஸ்லிம் அல்லாதவர்கள் திணறிப்போவார்கள். 30 ரூபாய்க்கு நான் வாங்கிய ஒரு சிறு வெளியீட்டில் இரண்டு வசன எண்கள் தவறு. பாய் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்றின் அட்டையிலேயே 'சின்ன ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்' என்ற நபிமொழி பெரிதாக அச்சாகியிருந்தது. அது ளயீஃப், அதாவது ஆதாரத்தில் பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். "நமக்குச் சாதகமா இருக்குங்கிறதுக்காக அதைப் பிடிச்சுக்கக் கூடாது" என்று சொல்லி, புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒன்றை எடுத்துக் காட்டினார்.

ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்டு ஒருவர் நபியிடம் வருகிறார். உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நபி கேட்கிறார். ஆம் என்கிறார். அப்படியானால் அவர்களுக்காகப் பாடுபடு என்று அனுப்பிவிடுகிறார். இதைத்தான் வகுப்பில் சொன்னேன். கத்திய பையன் தலை குனிந்திருந்தான். கேட்ட பையன், "எங்கம்மாவுக்கு நான்தான் தினமும் குழாயடியில தண்ணி பிடிச்சுத் தர்றேன் மிஸ், அதுவுமா?" என்றான்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக மதியம் மூன்று மணி வரை மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் பாங்கு சொன்னதும் ஷட்டர் பாதி இறங்கும், கால் மணி நேரம் கீழே காத்திருங்கள். கார்டு வாங்குவதில்லை, ஜிபே உண்டு. அவசரமாகப் போகாதீர்கள், கேள்வியோடு போனால் ஒரு மணி நேரமாவது ஆகும். நான் பள்ளி நூலகத்துக்கும் ஒரு குர்ஆன் மொழிபெயர்ப்பு வாங்கி வந்தேன். அதோடு ஓர் அடிஸ்கேலையும் சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.