பணத்தை மணக்க நினைத்த இருவர்: ‘ஹேண்ட்ஸ் அக்ராஸ் த டேபிள்’ (1935)

ஹாலிவுட் நடிகை கரோல் லொம்பார்ட் என்றதும் 1936இல் வந்த ‘மை மேன் காட்ஃப்ரி’யைத்தான் பலரும் நினைவுகூர்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மிட்செல் லெய்சன் இயக்கத்தில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட இந்த 80 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் அதன் புகழில் மறைந்துபோனது. இரண்டில் எனக்கு நெருக்கமானது இதுவே.

நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் வாடிக்கையாளர்களின் நகங்களைத் திருத்தும் ரெஜி (லொம்பார்ட்), பணக்காரன் ஒருவனை மணப்பதே கரையேறும் வழி என்று உறுதியாக நம்புகிறாள். ஆனால் அவள் கண்ணில் படும் தியோடர் ட்ரூ (ஃப்ரெட் மெக்மரே), பங்குச்சந்தை வீழ்ச்சியில் குடும்பச் சொத்து கரைந்துவிட, அன்னாசி வணிகரின் மகளை மணந்து காலம் தள்ளத் திட்டமிட்டிருப்பவன். இது தெரியாத ரெஜி, முதல் நாள் பதற்றத்தில் அவன் விரல்களையெல்லாம் காயப்படுத்திக் கட்டுப்போட்டு அனுப்புகிறாள்.

பெர்முடா செல்லும் கப்பலைத் தவறவிட்ட அவன் ரெஜியின் சிறிய வீட்டிலேயே தங்குகிறான். வருங்கால மனைவிக்கு அங்கிருந்து பெர்முடாவிலிருந்து பேசுவதுபோலத் தொலைபேசியில் அழைக்கும்போது, இணைப்பகப் பெண்ணாக மூக்கால் பேசி மீண்டும் மீண்டும் குறுக்கிடும் லொம்பார்டின் குரல் விளையாட்டும், அதன்பின் இருவரும் அடக்கமாட்டாமல் உருண்டு சிரிப்பதும், ஒலி வந்து சில ஆண்டுகளே ஆன ஹாலிவுட் அந்த ஒலியை எவ்வளவு லாவகமாகக் கையாளக் கற்றிருந்தது என்பதைக் காட்டுகின்றன. பணத்துக்காக எதையும் விடத் துணிந்த இருவர், காசே செலவாகாத ஒரு குறும்பில் தங்களை மறந்து ஒருவர்மீது ஒருவர் மனம் வைத்துவிடுகிறார்கள். காதல் என்ற சொல்லை அதுவரை யாரும் உச்சரிக்கத் தேவைப்படவில்லை.

சக்கர நாற்காலியில் வாழும் செல்வந்தரான முன்னாள் விமானியாக ரால்ஃப் பெல்லாமி நடித்திருக்கிறார். ரெஜி தேடிய பணமும் நல்ல மனமும் அவரிடம் ஒருங்கே இருக்கின்றன, அவளை அவர் நேசிக்கவும் செய்கிறார். அவரைக் கேலிப்பொருளாக்காமல் படம் காட்டும் கண்ணியம் பாராட்டத்தக்கது. அவர் அவ்வளவு நல்லவராக இருப்பதால்தான் ரெஜியின் தேர்வுக்கு உண்மையான விலை உண்டாகிறது. ஒப்பிட்டால், அன்னாசி வணிகரின் மகளுக்குப் பாத்திரம் என்று சொல்லும்படி எதுவும் எழுதப்படவில்லை, முடிவும் சற்று அவசரமாக வருகிறது.

லொம்பார்டும் ஃப்ரெட் மெக்மரேயும் 1937க்குள் மேலும் மூன்று படங்களில் இணைந்தார்கள். அந்த வரிசையைப் பார்க்க விரும்புவோர் இதிலிருந்தே தொடங்கலாம்.