கண் அழுத்தச் சொட்டுகள்: எதை எதோடு சேர்ப்பது

கண் அழுத்தத்துக்கு முதலில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் லட்டானோபிராஸ்ட். இரவில் ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் ஊறும் நீரை வடியவிட்டு, அழுத்தத்தை 25 முதல் 33 சதவீதம் வரை இறக்கும். 26 மி.மீ. பாதரசம் இருந்தவருக்கு 18, 19 வரலாம். இரண்டு வேளை போட்டால் பலன் கூடாது, குறையும். மாதக்கணக்கில் போட்டால் இமைமயிர் நீளும், கண்ணைச் சுற்றிய சதை சற்று வற்றும். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுபவருக்கு இது பளிச்சென்று தெரியும்.

அது போதாதபோதுதான் இரண்டாவது சொட்டு. அது வேறு வழியில் வேலை செய்வதாக இருக்க வேண்டும். டிராவோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் இரண்டும் லட்டானோபிராஸ்டின் இனம். அதோடு சேர்த்தால் அழுத்தம் ஏறவும் கூடும். டிமோலாலும் டார்சோலமைடும் நீர் ஊறுவதையே குறைப்பவை, அதனால் சேரும். ஆனால் தனியாகப் போட்டால் இறக்கும் அளவை, சேர்க்கும்போது முழுதாக எதிர்பார்க்க வேண்டாம்.

டிமோலாலைக் காலையில் போடுவதே சரி. தூக்கத்தில் நீர் ஊறுவது ஏற்கெனவே குறைந்திருக்கும். ஆஸ்துமா பம்பு வைத்திருப்பவரும் நாடித்துடிப்பு மிக மெதுவாக உள்ளவரும் இதைத் தொடவே கூடாது. ஆபத்து கூட்டுமருந்துப் புட்டிகளில்தான்: டார்சோலமைடோடும் லட்டானோபிராஸ்டோடும் கலந்து வரும்போது மேலே பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர், டிமோலால் சின்ன எழுத்தில் இருக்கும். பிரின்சோலமைடு–பிரிமோனிடின் கூட்டில் டிமோலால் இல்லை. டிமோலால் ஆகாதவர்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பிரின்சோலமைடு உள்ள புட்டியைக் குலுக்கிவிட்டே போட வேண்டும்.

டார்சோலமைடு எரியும், பிறகு வாய் கசக்கும். கசந்தால் மருந்து தொண்டைக்கு இறங்குகிறது என்று பொருள். கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் கசப்பு வெகுவாகக் குறையும். டிமோலால் ரத்தத்தில் கலப்பதும் குறையும். பிரிமோனிடின் பல மாதம் ஒத்துப்போய், திடீரென்று கண் சிவந்து அரிக்கத் தொடங்கும். தூசி என்று விட்டுவிடாதீர்கள், அது மருந்தின் ஒவ்வாமையாகவே இருக்கலாம்.

இரண்டு மருந்துக்கும் நடுவே 5 நிமிடமாவது விடுங்கள். கண் தாங்குவது சுமார் 30 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும். உடனே அடுத்ததைப் போட்டால் முந்தியது கழுவப்பட்டுப் போகும். கிளினிக் போகும் நாளிலும் காலைச் சொட்டைத் தவறவிடாதீர்கள். விட்டால் அன்றைய அளவு மருந்தின் பலனைக் காட்டாது.

லட்டானோபிராஸ்ட் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்குள் 4 வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கோடை வெப்பம் அதைத் தாண்டும், திறந்த புட்டியையும் ஃபிரிட்ஜ் கதவிலேயே வையுங்கள். சில்லென்று விழுவதால் சொட்டு உள்ளே போனதும் தெரியும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) இரண்டு மணி நேரம் என்றால் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். தைப்பூசக் காவடி நாளில் கோயிலுக்கு வெளியே நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுப் போகாதீர்கள்.

2.5 மில்லி புட்டியில் ஏறக்குறைய 80 சொட்டு. இரு கண்ணுக்கும் 4 வாரத்துக்கு வேண்டியது 56. அதற்கு முன்பே தீர்ந்தால் மருந்து கன்னத்தில் வழிகிறது. படுத்துக்கொண்டு, கீழிமையை இழுத்துப் பிடித்து, வீட்டில் ஒருவரைப் போடச் சொல்லுங்கள்.