அண்டாவா, கட்டிலா, டிரில்லிங் மெஷினா: வாடகைக்கு விட எது தாங்கும்?

வீட்டுச் சாமான்களை வாடகைக்கு விட்டு மாதம் ஒரு தொகை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு என்ன வாடகை கிடைக்கும்?" என்பதைத்தான். கோவையில் சம்பள வேலையோடு சேர்த்துச் சில ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைப் பாதிக் கணக்கு என்றே சொல்வேன். பொருள் ஒரு முறை வாசலைத் தாண்டிப் போனால் எத்தனை நாள் வாடகையைச் சம்பாதித்துக்கொண்டு திரும்புகிறது, அந்தப் போக்குவரத்துக்கு எத்தனை பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் மறுபாதி. விசேஷப் பாத்திரங்கள், நோயாளிகளுக்கான கட்டிலும் சக்கர நாற்காலியும், ஃபிரிட்ஜ் போன்ற குடித்தனச் சாமான்கள், டிரில்லிங் மெஷின் போன்ற கருவிகள் என்ற நான்கையும் இந்த அளவுகோலை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

பாத்திரத்தில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். கூட்டுக் குடும்பம் பிரிந்தபோது பங்கில் வந்த அண்டாவும் குண்டானும் பரண்மேல் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவற்றோடு நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளையும் நான்கு பந்தி மேசைகளையும் வாங்கிச் சேர்த்தால் தொழில் ஆரம்பித்துவிட்டது. கொங்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். அந்தப் போசி வாடகை, நாள் கணக்கில் பார்த்தால் நான்கு வகைகளிலும் கொழுத்ததுதான். சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். கிரகப்பிரவேசத்துக்கோ அந்த மூன்றோடு ஆனி, மாசி, பங்குனியும் கழிந்துவிடும். மிச்சமிருக்கும் மாதங்களிலும் எல்லோரும் ஒரே முகூர்த்த நாளைத்தான் பிடிக்கிறார்கள். ஐந்து பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்கும்போது நம்மிடம் இருப்பது ஒரு செட். அதற்கு அடுத்த பத்து நாட்கள் அதைத் தேடி ஒருவரும் வருவதில்லை. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றவும் கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் அன்னதானத்துக்கும் அண்டா போகும் என்பது உண்மை. ஆனால் கோயில் காரியத்துக்கு முழு வாடகை கேட்க நாக்கு எழாது, எழுந்தாலும் தெருவில் பெயர் கெடும்.

திரும்பி வரும்போதுதான் இதன் உண்மையான உழைப்பு தெரியும். ஒரு வளைகாப்பு முடிந்து இரவு பத்து மணிக்குக் குட்டியானை வண்டியில் வந்த பாத்திரங்களை வாசல் விளக்கு வெளிச்சத்தில் எண்ணியபோது டம்ளரில் மூன்று குறைந்தது. ஒரு ஜல்லிக்கரண்டியையும் காணவில்லை. ஜல்லிக்கரண்டி சாம்பார்க் குண்டானின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. டம்ளர் மூன்றுக்குப் பதிலாக வேறு யாருடைய டம்ளரோ ஒன்று வந்திருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 1984ஆம் ஆண்டுக் கல்யாணத் தேதி ஒன்று வெட்டப்பட்டிருந்தது. அதைச் சொந்தக்காரரிடம் சேர்க்க நான்கு நாட்கள் அலைந்தேன். என் மூன்று டம்ளர்கள் வரவே இல்லை. அன்றிலிருந்து கரண்டி முதல் மூடி வரை எல்லாவற்றிலும் பெயரெழுத்தை வெட்டி, எண்ணிக்கையைத் தாளில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்தும் பெற்ற பிறகே கொடுக்கிறேன். பித்தளைப் பாத்திரமாக இருந்தால் இன்னொரு செலவும் சேரும்: உள்ளே ஈயம் தேய்ந்துவிட்டால் புளிக்குழம்பு களிம்பேறிக் கெட்டுப்போகும், ஈயம் பூசுகிறவர்களோ வர வர அரிதாகி வருகிறார்கள். அடுப்பையும் சேர்த்து வாடகைக்கு விடுகிறவர்கள் மறந்தும் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கொடுத்துவிடக் கூடாது. விசேஷச் சமையலுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரே முறையானது, அதை வாடிக்கையாளரே ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

நோயாளிக் கட்டில் இதற்கு நேர் எதிர். தலைப்பகுதியையும் கால்பகுதியையும் தனித்தனியாக உயர்த்தக் கைப்பிடி வைத்த ஃபௌலர் கட்டில் ஒன்று வீட்டை விட்டுப் போனால், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குக் குறைந்து திரும்புவதில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கும் அது பல மாதங்கள் தேவைப்படும். ஒரு கணக்குக்காக, கட்டிலின் விலை 15,000 ரூபாய், மாத வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டாவது மாத வாடகை கைக்கு வரும்போது போட்ட காசு திரும்பிவிடுகிறது. அதற்குள் அது வெளியே போய் வந்தது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். 60,000 ரூபாய்க்குச் சேர்த்த பாத்திரச் செட்டை 1,500 ரூபாய் நாள் வாடகைக்கு விட்டால், அதே நிலைக்கு வர நாற்பது தடவை ஏற்றி, இறக்கி, எண்ணி, கழுவ வேண்டும். முகூர்த்தம் பார்த்து யாரும் கீழே விழுவதில்லை என்பதால், கட்டிலுக்கு ஆடியும் தையும் ஒன்றுதான்.

ஆனாலும் இதைச் சுலபமான வேலை என்று சொல்லமாட்டேன். கட்டிலைக் கழற்றி மாடிப்படியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். படி குறுகலாக இருந்தால் சுவரில் உரசிச் சண்டை வரும். திரும்பி வந்ததும் ரெக்ஸின் மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தையை நான் வாடகைக்கு விடுவதே இல்லை. அது ஒருவர் உடம்போடு போகவேண்டிய பொருள் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும்விடக் கடினமானது வாடகை முடிகிற நாள். கட்டில் வேண்டாம் என்று வருகிற அழைப்புகளில் பாதி, நோயாளி எழுந்து நடந்துவிட்டார் என்று சொல்வதற்காக வருபவை அல்ல. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை எடுத்துவரப் போகாமல், அந்த நாட்களுக்கு வாடகையும் போடாமல் விடுவது என் வழக்கம். புதிதாக வாங்க வருகிறவர், "இதில் யாராவது...?" என்று பாதியில் நிறுத்துவார், உண்மையைச் சொல்லிவிடுவேன். சிலர் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சக்கர நாற்காலியிலும் கருவிகளிலும் சட்டம் ஒரு சுமையை நம் தலையில் வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 150ஆவது பிரிவின்படி, ஒருவர் தம் பொருளை இலவசமாக இரவல் கொடுத்தால் தமக்குத் தெரிந்த குறையை மட்டும் சொன்னால் போதும். கூலிக்கு விட்டால் தமக்குத் தெரியாத குறையால் விளையும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு. பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் கொடுப்பதும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகாது. ஆகவே ஒவ்வொரு முறையும் சக்கர நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் பார்த்து, ஏணியின் ஆணியை ஆட்டிப் பார்த்துக் கொடுப்பது தற்காப்பும்கூட.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரைச்சீலைக் கம்பிக்கு நான்கு துளை போட வேண்டியவர் இப்போது மெஷினோடு ஆளையே அழைத்துக்கொள்கிறார். மெஷினை மட்டும் வாடகைக்குக் கேட்டு வருகிறவர், பெரும்பாலும் நாள் முழுக்க கான்கிரீட்டைக் குடையப் போகிறவராக இருப்பார். கார்பன் பிரஷ் தேய்ந்தால் சில்லறைச் செலவு, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் கருகினால் அந்த ஆண்டு வாடகை முழுவதும் போய்விடும். ஏணி மட்டும் விதிவிலக்கு. அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை.

குடித்தனச் சாமான்களில் தனிமனிதர் இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தேவை என்பது சரிதான். ஆனால் 2012இல் பெங்களூரில் தொடங்கிய ஃபர்லென்கோ, 2014இல் தொடங்கிய ரென்டோமோஜோ ஆகிய வாடகை நிறுவனங்கள் பழுதுபார்ப்பையும் இடமாற்றத்தையும் சேர்த்தே தரும் பழக்கத்தைப் பெருநகரங்களில் ஏற்படுத்திவிட்டன. வாடிக்கையாளர் அதே சேவையை நம்மிடமும் எதிர்பார்ப்பார். 18,000 ரூபாய் ஃபிரிட்ஜை மாதம் 800 ரூபாய்க்கு விட்டால் போட்ட முதல் திரும்பவே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தப் பையன் மூன்று அறை மாறியிருப்பான். மூன்றாவது முகவரி நமக்குத் தெரியாமலே போகலாம். ஏற்கெனவே வீட்டில் உபரியாக நிற்கும் ஃபிரிட்ஜை, தெரிந்த வீட்டு உரிமையாளர் மூலம் அறையோடு சேர்த்து விடுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வரியைப் பொறுத்தவரை, பொருளை வாடகைக்கு விடுவது ஜிஎஸ்டியில் சேவையாகவே கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் சேவைக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்பதால், பக்கத் தொழிலாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள். வருமான வரிக் கணக்கில் மட்டும் வாடகை வரவைக் காட்டத் தவறக் கூடாது. சும்மா நிற்கும் சொந்தக் காரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம்.

புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்வது ஒரு கட்டில், இரண்டு சக்கர நாற்காலி, இரண்டு வாக்கர். தரைத்தளத்தில் ஈரமில்லாத ஓர் அறை இருந்தால் போதும். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் கட்டிலை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சொந்தமாகக் குட்டியானை வைத்திருந்து, கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்து, எண்ணிக் கழுவ வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிற குடும்பத்துக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. அவர்கள் தாராளமாகப் பாத்திரத்தில் இறங்கலாம், டம்ளரை மட்டும் வாங்கும்போதே பத்து கூடுதலாக வாங்கிவிட வேண்டும்.