ஃபைட்டரா, தங்கமீனா? குளிர் நாட்டில் மீன் வளர்க்கப் போகிறவர்களுக்கு

நுவரெலியாவுக்குப் பக்கத்தில், நானுஓயாவில், எங்கள் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இப்போது இரண்டு தங்கமீன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பு, மகளின் படிப்பு மேசையில், மூன்று லீற்றர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு நீல ஃபைட்டர் இருந்தது. நவம்பரில் வாங்கினோம். தை மாதக் குளிரில் ஒரு விடியற்காலை அடியில் சாய்ந்து கிடந்தது. மொத்தம் பதினோரு வாரம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் வாழக்கூடிய மீன் அது.

வாங்கியது டவுனில் ஒரு கடையில். தட்டு நிறையப் பிளாஸ்டிக் கப்புகள். ஒவ்வொரு கப்பிலும் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர், அதில் ஒரு மீன். திரும்ப இடமில்லாமல் வாலை மடித்துக்கொண்டு நின்றன. "அண்ணே, இது நம்ம குளிருக்குத் தாங்குமா?" என்று கேட்டேன். "தாங்கும் டீச்சர், இதுக்கு ஒண்ணுமே வேணாம், காத்து மெஷின்கூட வேணாம்" என்றார். காற்று மெஷின் வேண்டாம் என்பது உண்மைதான். குளிர் விஷயம்தான் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த மீன் செத்த பிறகு நான் வாசித்ததையும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அளந்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கடைகளில் ஒரு பிள்ளை கைகாட்டிக் கேட்கக்கூடிய மீன்கள் பெரும்பாலும் மூன்று: ஃபைட்டர், தங்கமீன், கப்பி. எது அழகு என்பதை அவரவர் கண்ணுக்கு விட்டுவிடுகிறேன். வாங்கும் விலையும் பெரிய வித்தியாசமில்லை. இடம் என்று பார்த்தால் ஃபைட்டருக்கு 20 லீற்றர் போதும், மேசையில் வைக்கலாம். தங்கமீனுக்கு 100 லீற்றருக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் ஃபைட்டரை எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

ஆனால் மலைநாட்டில் முதலில் பார்க்க வேண்டியது இடமல்ல, குளிர்.

ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்துப் பக்கம். வயல்களிலும் புல் மண்டிய ஆழமில்லாத நீரிலும் வாழும் மீன். அந்த நீர் ஆழமில்லாததுதான், ஆனால் பரந்தது, வெதுவெதுப்பானது. அதற்கு 24 முதல் 28 பாகை வரை சூடு வேண்டும். வெளிக்காற்றை நேரே சுவாசிக்க அதன் தலைக்குள் ஒரு தனி உறுப்பு இருப்பதால், ஒட்சிசன் குறைந்த நீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கடையில் கப்பில் வைக்க முடிவது அதனால்தான். அந்தக் கப்பைப் பார்த்துவிட்டு இதற்கு இவ்வளவு தண்ணீர் போதும் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

நுவரெலியாவின் வருடாந்தச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை. தை, மாசி இரவுகளில் 10-க்கும் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வீட்டுக்குள் அவ்வளவு மோசமில்லை என்று நினைப்போம். மீன் போன பிறகு அதே கிண்ணத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி, அதே மேசையில் வைத்து, ஒரு கிழமை அளந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு 14 பாகை. ஜன்னல் வெயில் படும் பிற்பகலில் 21. ஒவ்வொரு நாளும் ஏழு பாகை ஏறி இறங்கியிருக்கிறது. என் மகள் போர்வைக்குள் சுருண்டு தூங்கிய அத்தனை இரவும் அந்த மீன் அந்த நீரில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

மீனுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. நீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். வெள்ளைப்புள்ளி நோய் அந்த நேரத்தில்தான் பிடிக்கும். உடம்பில் உப்புத் தூவினது போல இருக்கும். சூடான நீரில் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று சில நாட்களில் முடியும், மருந்து சீக்கிரம் வேலை செய்யும். குளிர் நீரில் அது வாரக்கணக்கில் இழுக்கும். எங்கள் ஃபைட்டர் கடைசி மாதம் அசையாமல் கிடந்ததை "அமைதியான மீன்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மீனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் இருக்கிறதே, அதே இனத்தை வைத்து லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானி 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உதட்டில் தேனீ விஷமோ அமிலமோ ஏற்றப்பட்ட வானவில் டிரவுட்டுகள் நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்தன. நோவை உணரும் நரம்புகள் அவற்றின் தலையில் இருப்பதையும் காட்டினார். அதை வாசித்த பிறகு "மீன்தானே" என்ற சொல் என் வாயில் வரவில்லை.

சரி, ஹீட்டர் போட்டால்? போடலாம். ஹட்டனில் இருக்கும் என் சித்தி மகன் போட்டிருக்கிறான். 20 லீற்றர் தொட்டி, 50 வாட் ஹீட்டர், மேலே மூடி, மூன்று பக்கமும் சூடு போகாமல் ரிஜிஃபோம் ஒட்டியிருக்கிறான். அவனுடைய ஃபைட்டர் இரண்டாவது வருடத்தைத் தாண்டிவிட்டது. நுரைக்கூடு கட்டுகிறது, விரலைக் காட்டினால் ஓடி வருகிறது. ஆகவே ஃபைட்டரை இங்கே வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 50 வாட் ஹீட்டர் ஒரு நாளில் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். நானுஓயாக் குளிரில் அதற்கு மேலும் ஓடும். எங்கள் வீட்டு மாதப் பாவனை 50 யூனிட்டுக்குக் கிட்ட. அதோடு 18 சேர்ந்தால் 60-ஐத் தாண்டும். தாண்டினால் மேலே போன எட்டு யூனிட்டுக்கு மட்டும் காசு கூடுவதோடு நிற்காது, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் ஏறும். ஒரு சின்ன மீனுக்காக முழு வீட்டு பில்லும் ஏறும். இரண்டாவது மாதம் பில் வந்ததும் ஹீட்டரைக் கழற்றி வைக்கும் வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கரண்ட் போகும் நாட்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள், யாருக்கும் மறந்திருக்காது. அப்படி மறுபடி வராவிட்டாலும், காற்று மழையில் மரம் விழுந்து ஓர் இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருப்பது மலையில் சாதாரணம். 25 பாகையில் இருந்த 20 லீற்றர் தண்ணீர் அந்த இரவில் வேகமாகக் குளிரும். ஹீட்டருக்குப் பழகிய மீனுக்கு அந்த இறக்கம்தான் ஆபத்து.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன், சீனாவில் நூற்றாண்டுகளாக வளர்த்துப் பழகியது. 18 முதல் 22 பாகை அதற்குச் சுகம். 10-க்குக் கீழே போனாலும், மெல்ல மெல்லப் போனால் தாங்கும். நமக்கு இந்த மெல்ல மெல்லதான் முக்கியம். அப்பா ஒரு பழைய 500 லீற்றர் தண்ணீர்த் தாங்கியை நடுவில் அறுத்து, கீழ்ப் பாதியை இஸ்தோப்பு மூலையில் வைத்துக் கொடுத்தார். ஏறக்குறைய 230 லீற்றர் பிடிக்கிறது. கிண்ணத்தில் ஏழு பாகை ஏறி இறங்கிய அதே மாதிரியான குளிர் நாட்களில், இந்தத் தாங்கியில் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையில் ஒன்றரை பாகைதான் வித்தியாசம். அவ்வளவு தண்ணீர் ஓர் இரவில் குளிர்ந்துவிடாது, ஒரு பகலில் சூடாகிவிடவும் செய்யாது. ஹீட்டர் இல்லை. நான்கு வாட் காற்று மோட்டரோடு ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டி மட்டும், இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு மூன்று யூனிட். கரண்ட் போனாலும் ஓர் இரவுக்கு இரண்டு மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்கமீன் அழுக்குப் பிடித்த மீன் என்பார்கள், உண்மை. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், அமோனியா சேரும். இந்த இடத்தில் குளிர் கொஞ்சம் நம் பக்கம் நிற்கிறது. அமிலமும் காரமும் இல்லாத, அதாவது பீ.எச். 7 உள்ள நீரில், 15 பாகையில் விஷமாக மாறும் அமோனியாவின் பங்கு 25 பாகையில் இருப்பதில் பாதிதான். ஆனால் வடிகட்டியில் குடியேறி அமோனியாவைத் தின்று தீர்க்கும் பக்டீரியாக்களும் குளிரில் மந்தம். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் தயாராகும் வடிகட்டிக்கு எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட பத்து வாரம் ஆனது. அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினோம். பொறுமை வேண்டும்.

எங்கள் தண்ணீர் மலை ஊற்றுப் பீலியிலிருந்து வருகிறது. குளோரின் இல்லை, அது நல்லது. டவுன் குழாய் நீர் பாவிப்பவர்கள் ஒரு நாளாவது வாளியில் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் பீலிக்கு மேலே தேயிலை மலை இருந்தால் வேறொரு கவலை உண்டு. மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பார்கள். செம்பு மீனுக்கு விஷம். நம் ஊற்று நீர் போல மென்மையான நீரில் அந்த விஷம் இன்னும் கூர்மையாக வேலை செய்யும். வாளியில் வைத்தாலும் போகாது. செம்பால் என் மீன் எதுவும் செத்ததில்லை, ஆனாலும் மருந்தடிக்கும் காலத்துக்கு முன்பே இரண்டு பீப்பாய் நிரப்பி மூடி வைத்துவிடுவோம். இது ஃபைட்டருக்கும் பொருந்தும்.

வாங்கும்போது ஒற்றை வால், நீள உடம்பு உள்ளதைக் கேளுங்கள். உருண்டை வயிறும் இரட்டை வாலும் உள்ளவை பார்க்க அழகு. ஆனால் அந்த உடம்பமைப்பால் நீந்தவே சிரமப்படும், குளிரும் அவ்வளவு தாங்காது. "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது கெட்ட நீரில் நலிந்துபோவதால். நல்ல இடம் கிடைத்தால் ஒரு சாண் வளரும், பத்து பதினைந்து வருடம் இருக்கும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை வாழ்ந்தது.

இதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். மகள் இப்போது ஏழாம் ஆண்டு. அவள் பல்கலைக்கழகம் போகும்போதும் இந்த மீன்கள் இருக்கும், வாளி தூக்கப் போவது நானும் அப்பாவும்தான். வெள்ளிக்கிழமைதோறும் 50 லீற்றர் மாற்றுகிறோம். வாடகை அறையில் இருப்பவர்கள், அடிக்கடி இடம் மாறும் வேலையில் இருப்பவர்கள் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்கு, ஹீட்டரும் மூடியும் பில்லும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த ஃபைட்டர் நியாயமான தெரிவு. அதுவும் முடியாதென்றால் மீன் வேண்டாம். மகளுக்கும் இதைத்தான் சொன்னேன், ஆறு மாதம் காத்திருந்தாள். மேசையில் பக்கத்திலேயே மீனை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசை நிறைவேறவில்லை என்பதும் உண்மை. இஸ்தோப்புத் தாங்கியில் மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும்.

கப்பியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவமில்லை. கண்டியில் அக்கா சீமெந்துத் தொட்டியில் வளர்க்கிறார். அங்கே உயரம் 500 மீற்றர்தான், ஹீட்டர் இல்லாமலே நன்றாக இருக்கின்றன. இங்கே கொண்டுவந்தால் ஃபைட்டரின் பிரச்சினைதான் திரும்ப வரும். மாதாமாதம் குட்டி போடுவதால் மிஞ்சியதை எங்கே விடுவது என்ற கேள்வியும் வரும். குளிர் நீருக்கென்றே சீனாவின் மலை ஓடைகளிலிருந்து வந்த வைட் கிளவுட் என்ற சின்ன மீன் இருக்கிறது, கூட்டமாக வாழும், 18 பாகை அதற்குத் தாராளம். வாசித்த அளவில் நம் ஊருக்கு அளந்து செய்தது போல இருக்கிறது. ஆனால் நான் வளர்த்ததில்லை, டவுன் கடைகளில் கேட்டபோதும் கிடைக்கவில்லை.

எந்த மீனாக இருந்தாலும், வேண்டாம் என்று ஆனதும் ஓயாவிலோ கிரகரி வாவியிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன்கள் இப்படித்தான் நாட்டின் குளங்களில் பெருகிப் போயின. எங்கள் மீன்களைப் பார்க்க முடியாத நிலை வந்தால் அக்காவின் தொட்டிக்குப் போகும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

அந்தக் கப்புகள் இன்னும் கடையில் இருக்கின்றன. பாவம் பார்த்து மெலிந்த ஒன்றை வாங்கினால் அந்த இடத்துக்கு இன்னொரு கப் வரும். அதனால் வாங்குவதில்லை. தங்கமீன் தீனி எடுக்கப் போகும்போது அண்ணனிடம் பேசுகிறேன். எங்கள் கிண்ணத்தில் அளந்த கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். போன மாதம் போனபோது கப்புகளை ஒரு ரிஜிஃபோம் பெட்டிக்குள் அடுக்கி, மேலே ஒரு பல்ப் போட்டிருந்தார்.