தேன்கூட்டை எரிப்பதா, மருந்தடிப்பதா, பிடிப்பதா, விட்டுவிடுவதா?

வீட்டில் தேன்கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு யோசனை வரும். ஒருவர் ராத்திரி தீப்பந்தம் கொளுத்தச் சொல்வார். இன்னொருவர் பூச்சிமருந்தைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிடுவார். பெட்டியில் பிடித்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது என்பார் ஒருவர். "அது பாட்டுக்கு இருக்கட்டும், தானாகப் போய்விடும்" என்பார் வீட்டுப் பெரியவர். நான்குமே ஏதோ ஓர் இடத்தில் பலித்திருப்பதால்தான் நான்கையும் ஆணியடித்தாற்போலச் சொல்கிறார்கள்.

ஆகவே முதலில் வந்திருப்பது யார் என்று தள்ளி நின்று பாருங்கள். செடியிலோ புதரிலோ உள்ளங்கை அளவுக்கு ஒற்றைத் தேனடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. உயரமான மாடியின் விளிம்பில் முறம்போல, சில சமயம் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரே அடையாக இருந்தால் மலைத்தேனீ. இதனிடம் விளையாட்டு கூடாது. சுவர் இடுக்கு, கூரைப் பொந்து, மூடிய பெட்டி என இருட்டுக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டினால் பெரும்பாலும் அடுக்குத்தேனீ. அடையே இல்லாமல் கிளையில் வெறும் தேனீக்கள் மட்டும் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தால், அது கூடே அல்ல. வழியில் இளைப்பாறுகிற கூட்டம்.

அந்தக் கொத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பதறிப்போகிறார்கள். தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து, ராணியை நடுவில் வைத்துக்கொண்டு, புது இடம் தேடப் போன தேனீக்கள் திரும்பி வரும்வரை அது காத்திருக்கிறது. வயிறு நிறையத் தேன் இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய புழுவும் இல்லை, அடையும் இல்லை. அதனால் சீண்டாதவரை எளிதில் கொட்ட வராது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ எழுந்து போய்விடும். இங்கே பெரியவர் சொல்தான் சரி. கொம்புத்தேனீக்கும் அதே பதில்தான், கை படும் தூரத்தில் இல்லாதவரை. மலைத்தேனீ பருவம் பார்த்து இடம் மாறுகிற இனம்; ஆள் நடமாட்டம் இல்லாத உயரத்தில் இருந்தால் பொறுத்திருக்கலாம். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மேலே என்றால் அந்தப் பொறுமை வேண்டாம், அனுபவப்பட்டவரைக் கூப்பிடுங்கள்.

தீப்பந்தம்? எனக்குத் தெரிந்து எந்தக் கூட்டுக்கும் அது நல்ல வழியல்ல. இறக்கை கருகிய தேனீக்கள் கீழே விழுந்து தரையெல்லாம் ஊரும். தப்பியவை வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வரும். ராத்திரியில் பறக்காது என்பதையும் முழுசாக நம்பாதீர்கள், மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில் இரைதேடவே போகும். தீ வேறு, புகை வேறு. தேனீ வளர்ப்பவர் புகைமூட்டியால் லேசாக ஊதும்போது தேனீக்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை சொல்லும் வாசனை அமுங்கிப்போகிறது. தேனைக் குடித்து நிரப்பிக்கொள்வதில் அவற்றின் கவனமும் திரும்புகிறது.

மருந்தா, பிடிப்பதா என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. இரண்டும் ஒரே சுவரில்தான் நடந்தது.

மாடி அறை ஜன்னலுக்கு மேலே விரல் நுழையாத ஓர் இடுக்கு. சுவரில் டம்ளரைக் கவிழ்த்துக் காது வைத்தால் தொலைவில் மோட்டார் ஓடுவதுபோல ரீங்காரம் கேட்கும். முதல் தடவை மருந்தடிக்க ஆள் வைத்தோம். அரைமணி நேர வேலை. மறுநாள் சத்தமே இல்லை. நிம்மதியாக இருந்தோம், ஏறக்குறைய மூன்று வாரம். அப்புறம் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. தொட்டால் ஒட்டியது. புளித்த வாடை, அதைத் தேடி வந்த எறும்பு, பின்னாலேயே கரப்பான்.

நடந்தது இதுதான். உயிரோடு இருக்கும்வரை தேனீக்கள் புழு அடையைச் சுமார் 35 டிகிரியில் வைத்திருக்கும். இறக்கை விசிறிக் காற்றோட்டம் உண்டாக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் கொண்டுவந்து கூட்டைக் குளிர்விக்கும். எல்லாம் செத்தபின் பார்க்க ஆளில்லை. வெயிலில் மெழுகு இளகி அடை சரிகிறது, புழுக்கள் அழுகுகின்றன, தேன் சுவரில் இறங்குகிறது. போதாததற்கு வேறு கூட்டுத் தேனீக்கள் வந்து அந்த விஷம் கலந்த தேனைத் தூக்கிக்கொண்டு போகும். கடைசியில் சுவரை உடைக்கத்தான் வேண்டியிருந்தது. அதையும் அரைகுறையாகச் செய்து, மெழுகைச் சுரண்டாமல் பூசி மூடினோம்.

மெழுகு வாசனை சும்மா விடுமா? இரண்டு வருஷம் கழித்துப் பூச்சு வெடித்த இடத்தில் புதுக்கூட்டம். இந்தத் தடவை தேனீ வளர்ப்பவர் ஒருவர் வந்தார். வலைமுகமூடி, ஒரு கத்தி, ஒரு பெட்டி. பூச்சைப் பெயர்த்து அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். தேன் அடை தனியே வாளிக்குள் போனது. புழு அடையை மரச்சட்டத்தில் பொருத்தி நூலால் கட்டிப் பெட்டிக்குள் இறக்கினார். ராணி கிடைக்கும்வரை பேச்சே இல்லை. அதைப் பெட்டிக்குள் விட்டதும் நான் கண்ணால் பார்த்தது: வாசலில் நின்ற தேனீக்கள் வாலைத் தூக்கி இறக்கையை விசிறின, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவை சாரை சாரையாக உள்ளே நடந்தன. வெளியே போனவை திரும்பட்டும் என்று இருட்டும்வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்தார். ஒரு முழு நாள் போனது, சுவரும் பெயர்ந்தது. ஆனால் பாதி வேலை என்று எதுவும் மிஞ்சவில்லை.

சுவரை உடைக்கவே முடியாது என்றால், வாசலில் கூம்பு வடிவக் கம்பிவலை பொருத்தி, வெளியே வந்தவை உள்ளே திரும்ப முடியாமல் செய்து பக்கத்துப் பெட்டியில் சேர்ப்பார்கள். உள்ளே இருக்கும் முட்டைகள் தேனீயாகி வெளிவரவே 3 வாரம் ஆகும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். ராணி பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும், அடையும் அங்கேயே கிடக்கும். வேறு வழியில்லாதபோது மட்டும் இது. ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைப்பது அதைவிட மோசம். அவை வேறு வழி தேடி அறைக்குள் வரும். இன்னொன்று, மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் பெட்டியில் வளர்க்க முடியாது. பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எந்தத் தேனீ என்று கேளுங்கள்.

வீட்டில் தேனீ விஷ ஒவ்வாமை உள்ளவர் இருந்து, பிடிக்க ஆளும் கிடைக்காவிட்டால் கொல்வதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அடையை எடுத்தே ஆக வேண்டும், அந்தத் தேனைச் சாப்பிடவும் கூடாது. இடையில் யாரையாவது கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். பிய்ந்த பின்னும் அது விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். கொட்டிய இடத்தில் எழும் பழுத்த வாழைப்பழ வாசனை மற்ற தேனீக்களுக்கு அழைப்பு, அங்கே நிற்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடிக் கதவைச் சாத்துங்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு.

கூட்டை எடுத்த அன்றே அந்தப் பொந்தின் வேலையையும் முடித்துவிடுங்கள். மெழுகைத் தடமில்லாமல் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உள்ளே வெற்றிடம் இல்லாமல் அடைத்துப் பூசுங்கள். காற்றுக்காகத் திறந்தே இருக்கவேண்டிய துவாரம் என்றால் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும்.