எடுக்க முடிகிறதா? நான்கு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஒரே அளவுகோல்

கட்டணம் எவ்வளவு, எத்தனை நாணயங்கள் கிடைக்கும், செயலி வேகமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலானோர் எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றும் தேவைதான். ஆனால் இந்த மதிப்பீட்டில் முதல் கேள்வி வேறு: உள்ளே போட்டதைக் கேட்ட நேரத்தில், கேட்ட அளவுக்கு வெளியே எடுக்க முடிகிறதா? கிராகன், காயின்பேஸ், பைனான்ஸ், பைபிட் ஆகிய நான்கையும் இதை வைத்தே எடை போடலாம்.

திரையில் "0.5 பிட்காயின்" என்று தெரிவது அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கும் ஒரு வரி, அவ்வளவே. பிளாக்செயினில் உங்கள் பெயரில் எதுவும் இல்லை. காசு அவர்களுடைய முகவரியில் இருக்கிறது, அதை நகர்த்தும் ரகசியச் சாவியும் அவர்களிடமே. நிறுவனம் திவாலானால் பல நாடுகளின் சட்டத்தில் நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். விழுந்த எக்ஸ்சேஞ்சுகளைப் பாருங்கள். பலவற்றில் விலை வரைபடம் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது, வாங்கல் விற்றல் நடந்தது. முதலில் நின்றது பணமெடுப்பு. மவுண்ட் காக்ஸ் 2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயின் எடுப்பதை நிறுத்தியது, காரணமாகத் தொழில்நுட்பக் கோளாறைச் சொன்னது. அதே மாதம் 28-ஆம் தேதி திவால் மனு. 8.5 லட்சம் பிட்காயின் காணவில்லை என்றார்கள், பிறகு அதில் 2 லட்சம் பழைய வாலட் ஒன்றில் கிடைத்தது. எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பர் 8 அன்று எடுப்பதை நிறுத்தி, 11-ஆம் தேதி நீதிமன்றம் போனது.

மவுண்ட் காக்ஸிலிருந்து இன்றும் பயன்படுகிற பாடம் ஒன்று உண்டு. 2013-இல் அங்கே டாலர் எடுப்பது தாமதமானபோது, பிட்காயின் விலை மற்ற இடங்களைவிட அங்கே கூடுதலாக இருந்தது. டாலராக வெளியேற முடியாதவர்கள் பிட்காயினாக வாங்கி வெளியேறப் பார்த்ததே காரணம். பிட்காயின் எடுப்பதும் நின்றவுடன் விலை மற்ற இடங்களைவிடக் கீழே போனது. ஒரே நாணயம் ஒரு எக்ஸ்சேஞ்சில் மட்டும் நாள்கணக்கில் விலை விலகி நின்றால், அங்கே ஏதோ ஒரு வாசல் அடைபட்டிருக்கிறது என்று பொருள். விலை ஒப்பிடும் எந்தத் தளத்திலும் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எந்த எக்ஸ்சேஞ்சானாலும் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. கேஒய்சி முடிந்ததும் சிறு தொகை போட்டு, அன்றே உங்கள் சொந்த வாலட்டுக்கு, அதாவது சாவி உங்களிடமே இருக்கும் வாலட்டுக்கு எடுங்கள். எடுக்கச் சொன்ன நேரம், மின்னஞ்சலில் உறுதி செய்த நேரம், பரிவர்த்தனை ஹாஷ் (பிளாக்செயினில் அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு) திரையில் வந்த நேரம், வாலட்டில் கன்ஃபர்மேஷன் (பிளாக்செயினில் பதிவானதற்கான உறுதி) விழுந்த நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஷ் வருவதற்கு முன்பான தாமதம் முழுக்க எக்ஸ்சேஞ்சுடையது. ஹாஷ் வந்த பிறகான தாமதம் நெட்வொர்க்குடையது. "அனுப்பிவிட்டோம், செயினில் நெரிசல்" என்று வாடிக்கையாளர் சேவை சொல்கிறது, ஆனால் ஹாஷ் தரவில்லை என்றால் காசு இன்னும் அங்கிருந்து கிளம்பவே இல்லை.

கிளம்பாததற்கு நியாயமான காரணங்களும் உண்டு. அன்றாடத் தேவைக்கான ஹாட் வாலட்டில் அந்த நாணயம் தீர்ந்திருக்கலாம். அப்போது இணையத்தோடு தொடர்பில்லாத கோல்டு வாலட்டிலிருந்து ஆட்கள் கையெழுத்திட்டு நிரப்ப வேண்டும், சில மணி நேரம் ஆகும். கடவுச்சொல்லையோ இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பையோ மாற்றியிருந்தால் 24 முதல் 48 மணி நேரம் வரை நிறுத்திவைப்பது பல எக்ஸ்சேஞ்சுகளில் வழக்கம். அது உங்களைக் காப்பதற்கான ஏற்பாடு, கோபப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது எல்லா நாணயங்களும், எல்லா வாடிக்கையாளர்களுக்கும், முடியும் நேரம் சொல்லாமல் நிற்கும்போது.

நெட்வொர்க் தேர்வில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டாலரோடு மதிப்பு கட்டப்பட்ட யுஎஸ்டிடி நாணயம் டிரான், எதீரியம், பிஎன்பி செயின் என்ற மூன்று நெட்வொர்க்குகளிலும் இருக்கிறது. டிரான் முகவரி ஆங்கில எழுத்து 'டி'யில் தொடங்குவதால், அதை எதீரியம் நெட்வொர்க்கில் போட்டால் படிவமே மறுத்துவிடும். எதீரியம், பிஎன்பி செயின் இரண்டிலும் முகவரி ஒரே வடிவம் என்பதால் தவறு செய்தாலும் எச்சரிக்கை வராது. போய்ச் சேர்ந்தது உங்கள் சொந்த வாலட் என்றால் பயமில்லை, அதே சாவிக்கு அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் காசு தெரியும். போனது இன்னொரு எக்ஸ்சேஞ்சின் முகவரி என்றால் அவர்கள் மனது வைத்தால்தான் மீளும், அதற்குக் கட்டணமும் வாங்கலாம். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லர் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்ச் பொதுவாக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே முகவரியைத் தந்து, டேக் அல்லது மெமோ எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறது. அதை விட்டுவிட்டால் காசு அவர்களிடம் பத்திரமாகப் போய்ச் சேரும், யாருடையது என்று மட்டும் தெரியாது. இன்னொன்று: பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகல் எடுக்காதீர்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போகிற போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, அதைப் பட்டியலில் செருகிவைப்பது திருடர்களின் வாடிக்கை. நடுவிலும் ஐந்தாறு எழுத்துகளை ஒப்பிடுங்கள்.

வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டியது கையில் இருக்கிறது என்று காட்டும் கையிருப்புச் சான்று நான்கில் மூன்றில் இருக்கிறது. கிராகனும் பைனான்ஸும் பைபிட்டும் மெர்க்கிள் மரம் என்ற முறையில் வெளியிடுகின்றன. உங்கள் கணக்கின் இருப்பு ஹாஷாக (கணக்கிட்டு எடுத்த ஒரு குறியீடாக) மாறி ஓர் இலையாக மரத்தில் சேர்கிறது, இலைகள் இரண்டிரண்டாக இணைந்து கடைசியில் ஒரே வேர் கிடைக்கிறது. உங்கள் இலையிலிருந்து வேர் வரை கணக்கிட்டு, வெளியிட்ட வேரோடு பொருந்தினால், அந்த நாளில் உங்கள் இருப்பை அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய கடனாகக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள். இதைச் செய்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. செய்ய வேண்டும், ஏனென்றால் பலர் சரிபார்த்தால்தான் கணக்குகளை விட்டுவிட்டுக் கடனைக் குறைத்துக் காட்டும் ஏமாற்று பிடிபடும்.

சான்றின் ஓட்டைகளும் தெரிந்திருக்கட்டும். அது ஒரு நாளின் படம். முந்தின நாள் கடன் வாங்கி, மறுநாள் திருப்பினால் படத்தில் தெரியாது. செயினுக்கு வெளியே உள்ள கடன்களும் வராது. எஃப்டிஎக்ஸில் அதன் நிறுவனருடைய வர்த்தக நிறுவனமான அலமேடாவின் கணக்குக்கு மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக மென்பொருளிலேயே அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு கணக்கை மரத்துக்குள் சேர்த்துவிட்டால், எல்லோருடைய இருப்பின் கூட்டுத்தொகையும் குறைந்து தெரியும். எந்தக் கணக்கின் நிகர இருப்பும் எதிர்மறையில் இல்லை என்று நிரூபிக்க ஸிகே-ஸ்னார்க் என்ற கணிதச் சான்றை பைனான்ஸ் 2023-இல் சேர்த்தது உருப்படியான முன்னேற்றம். கையிருப்புப் பட்டியலில் அந்த எக்ஸ்சேஞ்சே வெளியிட்ட டோக்கன் இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். காயின்பேஸ் இலை மரம் எதுவும் தருவதில்லை. 2021 ஏப்ரலில் நாஸ்டாக்கில் பட்டியலான நிறுவனம், தணிக்கை செய்த ஆண்டறிக்கை வெளியிடுகிறது. தனி ஆள் சரிபார்க்க முடியாது, ஆனால் பொய் சொன்னால் சிறை போகிறவர்களின் கையெழுத்து அதில் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்றால், தணிக்கையே மேல். இரண்டும் சேர்ந்தால்தான் நிறைவு.

இனி, கொந்தளிப்பான நாளில் எந்திரம் எப்படி ஓடுகிறது? இதில் யாருக்கும் முழு மதிப்பெண் கிடையாது. காயின்பேஸில் 2024 பிப்ரவரி 28 அன்று பிட்காயின் வேகமாக ஏறியபோது பலருடைய இருப்பு பூஜ்யம் என்று காட்டியது. காசு எங்கும் போகவில்லை. கூட்டம் தாங்காமல் கோளாறு திரையில் வந்தது, நாணயம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அப்படி நடந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது, செயலியை அழித்து மறுபடி நிறுவுவது எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் நிலைப் பக்கத்தைப் பார்த்துக் காத்திருப்பதே வழி. கிராகன் 2018 ஜனவரியில் இரண்டு மணி நேரப் பராமரிப்பு என்று அறிவித்தது, கிட்டத்தட்ட இரண்டு நாள் இழுத்தது. பைனான்ஸில் 2023 மார்ச் 24 அன்று டிரெய்லிங் ஸ்டாப் (விலையோடு சேர்ந்து நகரும் ஸ்டாப்) ஆர்டரில் இருந்த ஒரு பிழையால் ஸ்பாட் வர்த்தகம் (நாணயத்தை நேரடியாக வாங்கி விற்பது) முழுவதும் சுமார் இரண்டு மணி நேரம் நின்றது.

இங்கே ஸ்டாப் லாஸ், அதாவது விலை விழுந்தால் தானாக விற்கும் ஆர்டர் பற்றிய தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். 90-க்கு வந்தால் 89-க்கு விற்கும்படி ஸ்டாப்-லிமிட் போட்டிருக்கிறீர்கள். விலை 91-லிருந்து ஒரே தாவலில் 86-க்கு விழுகிறது. ஆர்டர் விழித்துக்கொள்ளும், ஆனால் 89-க்கு வாங்க ஆள் இல்லாததால் அப்படியே கிடக்கும், விலை 70-க்குப் போனாலும் விற்காது. ஸ்டாப்-மார்க்கெட் போட்டிருந்தால் விற்றுவிடும், எந்த விலைக்கு என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. காயின்பேஸின் ஜிடேக்ஸ் தளத்தில் 2017 ஜூன் 21 அன்று ஒரே பெரிய விற்பனை ஆர்டர் விழுந்து, அது ஸ்டாப் ஆர்டர்களைத் தூண்டி, அவை மேலும் தூண்டி, 300 டாலருக்கு மேல் இருந்த ஈதர் ஒரு கணம் 10 சென்ட்டுக்கு விற்றது. நிறுவனம் தன் காசிலிருந்து இழப்பீடு கொடுத்தது நல்ல விஷயம், எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2025 அக்டோபர் சரிவில், டாலரை ஒட்டி நிற்க வேண்டிய யுஎஸ்டிஇ என்ற நாணயம் பைனான்ஸில் மட்டும் சுமார் 65 சென்ட்டுக்கு விழுந்தது, மற்ற இடங்களில் ஒரு டாலரை ஒட்டியே நின்றது. கடனில் வர்த்தகம் செய்பவர்களின் அடமான மதிப்பைத் தன் சொந்த ஆர்டர் புக்கை (வாங்கவும் விற்கவும் வந்த ஆர்டர்களின் பட்டியலை) வைத்தே கணக்கிட்டதால், அந்த நாணயத்தை ஈடாக வைத்தவர்களின் கணக்குகள் லிக்விடேட் ஆயின, அதாவது கட்டாயமாக விற்று மூடப்பட்டன. பைனான்ஸ் பிறகு ஈட்டுத்தொகை வழங்கியது. மார்ஜினில் (அடமானம் வைத்துக் கடனில் செய்யும் வர்த்தகத்தில்) இறங்குவதற்கு முன், லிக்விடேஷனை முடிவுசெய்யும் மார்க் விலை எத்தனை சந்தைகளிலிருந்து எடுக்கப்படுகிறது என்று விதிமுறையில் தேடிப் படியுங்கள்.

பைபிட்டின் 2025 பிப்ரவரி 21 திருட்டைத் தனியாகப் பேச வேண்டும். சுமார் 4 லட்சம் ஈதர், ஏறத்தாழ 150 கோடி டாலர். போனது ஹாட் வாலட்டிலிருந்து அல்ல, பலர் கையெழுத்திட வேண்டிய கோல்டு வாலட்டிலிருந்து. கையெழுத்திட்டவர்கள் பார்த்த இணையத் திரை சரியான முகவரியையும் தொகையையும் காட்டியது. அந்தத் திரையை இயக்கும் நிரலையே திருடர்கள் மாற்றியிருந்தார்கள். உண்மையில் கையெழுத்தானது வாலட்டின் ஒப்பந்தத்தையே திருடர்கள் கைக்கு மாற்றும் கட்டளை. கையெழுத்துக் கருவியில் தெரிந்தது படித்துப் புரிந்துகொள்ள முடியாத எழுத்துக் குவியல். "கோல்டு வாலட்டில் 95 சதவீதம்" என்ற விளம்பர வாசகம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே சமயம், அன்று இரவே லட்சக்கணக்கில் வந்து குவிந்த எடுப்புக் கோரிக்கைகளை பைபிட் நிறுத்தாமல் கொடுத்தது, கடன் வாங்கி ஈதர் பள்ளத்தை அடைத்தது. 2024 ஜூலையில் 23 கோடி டாலருக்கு மேல் இழந்த இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸில் வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் காத்துக் கிடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துப் பூட்டு. எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பி இருக்க வேண்டாம், பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் கருவியில் இருக்கும் சாவி) அல்லது ஆத்தென்டிகேட்டர் செயலி போடுங்கள். 2021-இல் காயின்பேஸின் எஸ்எம்எஸ் மீட்பு முறையில் இருந்த குறையால் சுமார் 6,000 பேர் பணத்தை இழந்தார்கள். முகவரி ஒயிட்லிஸ்டை (நீங்கள் அனுமதித்த முகவரிகளின் பட்டியலை) இயக்கினால் புது முகவரிக்கு உடனே காசு போகாது. கிராகனில் அமைப்புகள் முழுவதையும் பல நாள் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, நான்கில் இதுதான் மிக உறுதியானது. ஏபிஐ கீ (வேறு மென்பொருள் உங்கள் கணக்கை இயக்கத் தரும் சாவி) உருவாக்கினால் பணமெடுக்கும் அனுமதியைக் கொடுக்காமல், உங்கள் ஐபி முகவரியோடு கட்டிப்போடுங்கள். காயின்பேஸின் வெளிநாட்டு உதவி ஊழியர்களில் சிலர் லஞ்சம் வாங்கி வாடிக்கையாளர் விவரங்களைக் கொடுத்தது 2025 மே மாதம் வெளியானது. ஆகவே உங்கள் பெயர், வீட்டு முகவரி, இருப்பு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி ஒருவர் பேசினாலும் அவர் எக்ஸ்சேஞ்ச் ஆள் என்று ஆகாது. "பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்" என்ற சொல் வந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

தீர்ப்பு: எடுப்பும் பூட்டும் சேர்த்துப் பார்த்தால் கிராகன் முதலிடம். கணக்குவழக்கின் வெளிப்படைக்குக் காயின்பேஸ், ஆனால் நெரிசல் நாளில் அதை மட்டும் நம்பி வர்த்தகம் செய்யாதீர்கள். பைனான்ஸில் ஆர்டர் புக் ஆழம் அதிகம், பெரிய தொகையை விலை நகராமல் விற்கலாம், விற்றதும் வெளியே எடுத்துவிடுங்கள். 2023 நவம்பரில் பணமோசடித் தடுப்பு விதிகளை மீறியதாக அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் கட்டச் சம்மதித்த நிறுவனம் என்பதும் கணக்கில் இருக்கட்டும். பைபிட் நெருக்கடியில் நடந்துகொண்ட விதத்துக்கு மரியாதை உண்டு, டெரிவேட்டிவ் வர்த்தகத்துக்கான மார்ஜினைத் தவிர வேறெதையும் அங்கே விட்டுவைக்க வேண்டாம்.

புகார் எழுதும்போது ஹாஷ், நெட்வொர்க், முகவரி, மெமோ, தொகை, யுடிசி நேரம் ஆகிய ஆறும் முதல் செய்தியிலேயே இருந்தால், ஒவ்வொன்றாகக் கேட்டு நாள் கடத்த வழியிருக்காது. கணக்கை மூடுவதாக இருந்தால் முதலில் பரிவர்த்தனை வரலாற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள், ஏபிஐ கீகளை அழியுங்கள். கடைசியாக, உங்கள் மற்ற வாலட்டுகளின் முகவரிப் புத்தகத்திலிருந்து அந்த எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரியை நீக்குங்கள். மூடிய கணக்கின் முகவரிக்கும் செயின் காசை ஏற்றுக்கொள்ளும், உங்கள் கணக்கில் அதை வரவு வைக்க அங்கே கணக்கு இருக்காது.