ஆத்தங்குடிக் கல் மேல் ஒரு மில்லிங் மெஷின்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன மில்லிங் மெஷினை (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது) காரைக்குடிக்குக் கொண்டு வந்து இறக்கினேன். எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், கூடவே வந்த தகர ஸ்டாண்டில் நிறுத்தினேன். தேக்குக் கதவுகளின் பழைய பூட்டுகளுக்கு நாக்கு செய்வதும், சுவர்க் கடிகாரங்களுக்குப் பித்தளைத் தகடு வெட்டுவதும்தான் என் வேலை. கூட வந்த தாளில் எல்லா அளவும் 0.02 மில்லிமீட்டருக்குள் என்று போட்டிருந்தது. அளந்து பார்த்தால் அப்படி இல்லை.

எங்கள் தெருவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவர் உண்டு. முதல் நாளே சொன்னார்: "தம்பி, மெஷினைச் சந்தேகப்படுறதுக்கு முந்தி டயலைச் சந்தேகப்படு." நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை ஒரே இடத்தில் தூக்கித் தூக்கிப் பத்து தடவை விடச் சொன்னார். என்னிடம் இருந்த பழைய டயல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோட்டில் நின்றது. அதை ஒதுக்கிவிட்டு ஒரு புது பேக்கர் டயல் வாங்கினேன். மெஷினுக்கு அடுத்தபடியாக நான் செய்த நல்ல செலவு அதுதான்.

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில், வேலைப்பொருளை வைக்கும் டேபிளுக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, டயலை ஸ்பிண்டிலில் மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். டேபிளில் டி-ஸ்லாட் இருப்பதால் முனை பள்ளத்தில் விழுந்து தட்டும். அதற்கு 6220 பேரிங்கின் வெளி வளையம் போதும். அதன் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். துடைத்து டேபிளில் வைத்து அதன் மேல் முனையை ஓட்டலாம். 170 மில்லி வட்டத்தில் இடவலம் 0.03 வித்தியாசம். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்டைத் திருப்பி அதைச் சரி செய்துவிட்டேன். முன்பின்தான் சிக்கல். முன்பக்கம் முனை 0.10 கூடுதலாக அழுந்தியது, அதாவது ஹெட் முன்னால் குனிந்திருந்தது. அந்தத் திசையில் திருப்ப என் மெஷினில் வழி இல்லை. ஹெட் ஏறி இறங்கும் தூணின் அடி முன்பின்னாக 140 மில்லி; 0.10-ஐ 170-ஆல் வகுத்து 140-ஆல் பெருக்கினால் 0.08. தூணின் முன் போல்ட்டுகளைத் தளர்த்தி அந்தக் கனத்தில் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தேன். இறுக்கி மறுபடி சுற்றியபோது முள் இரண்டு கோட்டுக்குள் (0.02) அடங்கியது.

இதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஹெட் மேலும் கீழும் ஓடும்போதும் நேராக ஓட வேண்டும். மூலைமட்டத்தை டேபிளில் நிறுத்தி, டயலை அதன் மேல் தொடவிட்டு ஹெட்டை 100 மில்லி இறக்கினால் 0.04 விலகியது. சறுக்கும் பாகத்தின் ஆட்டத்தை அடக்கும் ஜிப் பட்டையை எவ்வளவு இறுக்கியும் அது போகவில்லை. அதனால் கடிகாரத் தகட்டில் துளை போட்டபின், அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமருக்கு மாறும்போது ஹெட்டை நகர்த்துவதில்லை. ஒரே உயரத்தில் இரண்டும் நிற்கும்படி டிரில்லையே கட்டையாக வைத்திருக்கிறேன்.

முதல் கார்த்திகையில்தான் பெரிய பாடம் வந்தது. பரப்பை மட்டமாக்கும் ஒற்றைப் பல் ஃப்ளை கட்டரில் பக்கம் பக்கமாக ஓட்டிய பித்தளைத் தகட்டில் விரல் நகம் ஒவ்வொரு வரிக்கும் தடுக்கியது. மறுபடி டயலைச் சுற்றினேன்: இடவலம் 0.06. ஹெட் போல்ட் எதுவும் தளரவில்லை. இரண்டு நாள் தேடியபின், ஸ்டாண்டின் நான்கு காலடியிலும் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தேன். முற்றத்துப் பக்கத்துக் காலுக்கு அடியில் தாள் தாராளமாக உள்ளே போனது. மழையில் சுண்ணாம்புத் தளம் ஊறி அந்தக் கல் தாழ்ந்திருக்கிறது; தகர ஸ்டாண்டு முறுக்கிக்கொண்டு மெஷினின் அடியையும் இழுத்திருக்கிறது. இப்போது நான்கு காலிலும் திருகி ஏற்றும் பாதம், அதன் அடியில் கருங்கல் துண்டு. ரசமட்டம் வைத்து ஏற்றி இறக்கிய பிறகே டயலை எடுக்கிறேன்.

சூட்டையும் சொல்ல வேண்டும். 200 மில்லி பித்தளைத் தகடு வெட்டிய கையோடு அறையைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால் கிட்டத்தட்ட 0.04 நீண்டு நிற்கும். சித்திரை, வைகாசியில் கடைசி அளவை மறுநாள் காலையில்தான் எடுக்கிறேன். டேபிளை நகர்த்தும் திருகுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள ஆட்டம், அதாவது பேக்லாஷ், 0.2 இருந்தது, நட்டைச் சரி செய்து 0.08 ஆக்கினேன், எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்தினால் அது தொல்லை தருவதில்லை.

பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இந்த மெஷினைத் தாராளமாக வாங்கலாம். இரும்பில் ஆழமாக வெட்ட நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஹெட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். என்னுடையதில் நன்றாகத் தள்ளினால் முள் ஐந்து கோடு ஓடுகிறது. எந்த ஷிம்மும் அதைத் தீர்க்காது.

மாதம் ஒருமுறை வளையத்தை வைத்துச் சுற்றி நோட்டில் எழுதுகிறேன். நேற்று இடவலம் 0.01, முன்பின் 0.02. ஐப்பசி பிறக்க மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் முற்றத்துப் பக்கத்துக் காலை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும்.